பயன்படுத்துபவரையும் வைவாவுக்கு அழையுங்கள்

பெறுநர்:
தலைவர், பாடத்திட்டக் குழு,
இயந்திரப் பொறியியல் புலம்,
அண்ணா பல்கலைக்கழகம்,
சென்னை 600 025.

பொருள்: எம்.இ. புராடக்ட் டிசைன் அண்ட் டெவலப்மென்ட் படிப்பில் ப்ராஜெக்ட்டை மதிப்பிடும் முறை தொடர்பாக.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,



கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் வடிவமைப்பில் முதுகலைப் பட்டம் வாங்கும் மாணவர், இரண்டாம் ஆண்டின் முடிவில் வைவா அறைக்குள் ஒரு பொருளோடு வர வேண்டும். அந்தப் பொருளை யாரோ ஒருவர் தம் வீட்டிலோ பட்டறையிலோ வயலிலோ சில வாரங்களாவது புழங்கிப் பார்த்திருக்க வேண்டும். அவரும் அன்றைக்கு அந்த அறையில் இருக்க வேண்டும். அவர் சொல்வதற்கு மதிப்பெண்ணில் ஒரு பங்கு இருக்க வேண்டும். இனி எழுதுவதெல்லாம் இது ஏன் தேவை, எப்படி நடத்த முடியும் என்பது பற்றித்தான்.

இந்தப் படிப்பு உங்கள் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக நடக்கிறது. நான்கு பருவங்கள். முதல் ஆண்டு பெரும்பாலும் வகுப்பறை. மூன்றாம் பருவத்தில் ப்ராஜெக்ட்டின் முதல் கட்டம், நான்காவதில் இரண்டாம் கட்டம். பாடங்களின் பட்டியலைப் பார்த்துக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஃபைனைட் எலிமென்ட் முறை, பொருளின் வாழ்நாள் மேலாண்மை, தரக் கோட்பாடுகள், முப்பரிமாண அச்சு சார்ந்த உற்பத்தி என்று போகும் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் வேலைக்குப் போகும் இளைஞருக்குச் சோறு போடும் சங்கதி. எதையும் எடுத்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. இவ்வளவையும் கற்ற ஒருவருக்கு வடிவமைக்கத் தெரியுமா என்பதை நாம் எதை வைத்துத் தீர்மானிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

கார்ல் உல்ரிச், ஸ்டீவன் எப்பிங்கர் இருவரும் எழுதி 1995-இல் முதல் பதிப்பு வந்த நூலின் பெயரும் உங்கள் படிப்பின் பெயரும் ஒன்றே. இந்தத் துறையில் படிக்கிற எவரும் அந்த நூலின் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தாவது வைத்திருப்பார்கள். பயன்படுத்துபவரின் தேவையை எப்படிக் கேட்டறிவது என்பதற்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. அவர் புழங்கும் இடத்துக்கே போய்ப் பேசு. அவர் சொன்னதை அவர் வாய்மொழியிலேயே எழுது. தேவை எது என்று பிறகு பிரித்தெடு. எத்தனை பேரைப் பார்ப்பது என்பதற்குக்கூட அங்கே விடை இருக்கிறது: பத்துக்குக் கீழே போனால் போதாது, ஐம்பதைத் தொட்டால் அநேகமாக அதிகம். இந்த வரியைத் தேர்வுத்தாளில் பிழையில்லாமல் எழுதும் மாணவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். பத்துப் பேரைப் பார்த்துவிட்டு வந்த மாணவரை நான் அபூர்வமாகவே சந்தித்திருக்கிறேன்.

நான் கருவி வடிவமைப்பு வேலையில் இருப்பவன். எக்ஸ்டர்னலாகச் சில கல்லூரிகளுக்குப் போவதுண்டு. ஒரு கல்லூரியில் (பெயர் வேண்டாம், இது எங்கும் நடப்பதுதான்) முதியவர்களுக்கான கைத்தடி ஒன்றை ஒரு மாணவர் ப்ராஜெக்ட்டாகச் செய்திருந்தார். திரையில் தடி வானவில் நிறங்களில் ஒளிர்ந்தது. எங்கே தகைவு அதிகம், எங்கே குறைவு, பாதுகாப்புக் காரணி எவ்வளவு, அலுமினியத்துக்குப் பதில் கார்பன் இழை போட்டால் எடை எவ்வளவு குறையும் என்று சுத்தமாகச் செய்த வேலை.

“யாராவது இதைப் பிடித்து நடந்து பார்த்தார்களா தம்பி?” என்று கேட்டேன்.

“அனாலிசிஸ்ல சேஃப் சார்” என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நாம் கேட்டதைத்தான் அவர் செய்திருக்கிறார். தடி உடைந்து விழுந்த முதியவரைவிடத் தடி வழுக்கி விழுந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். குளியலறையின் ஈரத் தரையில் அடிப்பக்க ரப்பர் பிடிக்கிறதா? பேருந்தில் ஏறும்போது ஒரு கை கம்பியைப் பிடித்தால் தடி எங்கே தொங்கும்? மூட்டுவாதத்தில் விரல் மடங்காதவருக்குக் கைப்பிடி எவ்வளவு தடிமன் வேண்டும்? திண்ணையில் உட்கார்ந்தபின் சாய்த்து வைத்த தடி சரிந்து விழுந்தால் குனிந்து எடுப்பது யார்? இவற்றில் ஒன்றுகூட அந்த வானவில்லில் இல்லை. ஒரு தாத்தாவோடு ஒருநாள் காலையில் ரேஷன் கடை வரை நடந்திருந்தால் எல்லாமே கண்ணில் பட்டிருக்கும்.

அறிக்கையை மட்டும் எடைபோடும் முறைக்கு இன்னொரு விளைவும் உண்டு. அதை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ என்று பலகை மாட்டிய கடைகள் பட்டப்பகலில் நடக்கின்றன. தலைப்பு, சிமுலேஷன், அறிக்கை, வைவாவில் கேட்கப்படக்கூடிய கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கும். ஹார்ட் பைண்டிங்கும் அவர்கள் பொறுப்பு. கண்காணிப்பை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் கடைகள் மூடப்போவதில்லை, ஏனென்றால் நாம் கேட்கிற பொருளைத்தான் அவை விற்கின்றன. மூன்று மாதம் ஒருவர் வீட்டில் கிடந்து, கீறல் விழுந்து, இரண்டு முறை திருத்தப்பட்ட ஒரு சாமானையும் அதைப் புழங்கியவரையும் எந்தக் கடையாலும் பொட்டலம் கட்டித் தர முடியாது.

இயந்திரப் பொறியியல் துறைக்குள்ளேயே வடிவமைப்பை வைத்து வளர்த்த பழைய உதாரணம் ஸ்டான்ஃபோர்டு. அங்கே இதற்கு வித்திட்டவர் ஜான் ஆர்னால்டு. முதலில் உளவியல், பிறகு எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் என்று படித்தவர். எம்.ஐ.டி.யில் ஆசிரியராக இருந்தபோது அவர் கொடுத்த பயிற்சி ஒன்று வேடிக்கையானது. ஆர்க்டூரஸ் என்ற விண்மீனைச் சுற்றும் ஒரு கற்பனைக் கோள். அதில் பறவையை ஒத்த, அசைவுகள் மந்தமான உயிரினங்கள். அவர்களுக்கு வாகனமும் வீட்டுச் சாமான்களும் வடிவமைக்க வேண்டும். பல பேராசிரியர்களுக்கு இது விளையாட்டாகப் பட்டது. தன் உடலையும் தன் பழக்கத்தையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பொருள் செய்யும் பழக்கத்தை உடைக்க அவர் கண்ட வழி அது. நமக்கு வேற்றுக் கோள் தேவைப்படாது. பெரும்பாலான மாணவர்களுக்குச் சக்கர நாற்காலியில் போகிறவரின் ஒரு நாள் அதே அளவுக்கு அந்நியமானதுதான்.

1957-இல் ஆர்னால்டு ஸ்டான்ஃபோர்டு வந்தார். அவருக்குப்பின் ராபர்ட் மக்கிம் போன்றவர்கள் வளர்த்தெடுத்த முதுகலைப் படிப்பை இயந்திரப் பொறியியல் துறையும் கலைத்துறையும் சேர்ந்து நடத்தின. இரண்டு துறைகளுக்கும் மாணவர் பதில் சொல்ல வேண்டும். ‘தாங்குமா?’ என்று ஒரு துறை கேட்டால் ‘பிடிக்குமா, புரியுமா?’ என்று மற்றது கேட்கும். அங்கிருக்கும் பணமும் பட்டறையும் நம்மிடம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் அங்கிருந்து எடுக்க வேண்டியதை நான் பணத்தில் தேடவில்லை.

2007-இல் அதே பல்கலைக்கழகத்தில், ஏழை நாடுகளுக்கான வடிவமைப்பு வகுப்பொன்றில், சில மாணவர்களுக்கு ஒரு வேலை தரப்பட்டது: குறைந்த விலையில் ஓர் இன்குபேட்டர். வகுப்பறையிலேயே உட்கார்ந்திருந்தால் மலிவான உதிரிகளைக் கொண்டு ஒரு கண்ணாடிப் பெட்டியைச் செய்து நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். குழுவில் ஒருவர் நேபாளம் போனார். நகரத்து மருத்துவமனையில் நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்தார். எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது மின்சாரம் சரியாக வராத கிராமங்களில். நகரம் வந்து சேர்வதற்குள் குளிரில் உயிர் போய்விடுகிறது. கேள்வியே மாறிவிட்டது. பெட்டியை மலிவாக்குவதை விட்டுவிட்டு, தாயின் கையிலேயே குழந்தையைச் சூடாக வைத்திருக்க என்ன வழி என்று யோசித்தார்கள். உடல் வெப்பத்துக்கு அருகில் உருகி உறையும் மெழுகு போன்ற ஒரு பொருளைப் பையாக்கி, குட்டித் தூக்கப்பையின் முதுகில் செருகினார்கள். ஒருமுறை சூடாக்கினால் மணிக்கணக்கில் 37 டிகிரியில் நிற்கும். எம்ப்ரேஸ் என்ற பெயரில் அந்தக் குழு பெங்களூருக்கே குடிவந்து அதைத் தயாரிக்கத் தொடங்கியது.

இதில் பொறியியல் இல்லையா? நிலைமாற்றப் பொருளின் உள்ளுறை வெப்பம் நம் இளநிலை மாணவருக்கே பாடம்தான். அந்தப் பாடம் எங்கே பொருந்தும் என்பது நேபாளத்தின் ஒரு வார்டில் தெரியவந்தது.

நம் நாட்டுக் கதையும் இதையே சொல்கிறது. மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் போட்டு நடப்பதற்கென்று செய்யப்பட்டது, கணுக்கால் மடங்காது. சம்மணமிட்டு உட்காரும், குந்தி உட்காரும், வெறுங்காலோடு வரப்பில் நடக்கும் மனிதருக்கு அது உதவவில்லை. வாங்கிக்கொண்டு போனவர்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். கழற்றி வைத்ததைக் கவனித்த எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், சிற்பக் கைவினைஞரான ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து 1968-இல் ஜெய்ப்பூர் காலை உருவாக்கினார்கள். சர்மா பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். உங்கள் கல்லூரிகளில் எதிலும் அவரை உதவிப் பேராசிரியராக நியமிக்க விதி இடம் தந்திருக்காது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், கிண்டி வளாகத்தை விட்டு அதே சர்தார் படேல் சாலையில் கொஞ்சம் நடந்தாலே போதும். ஐஐடி மெட்ராஸின் இயந்திரப் பொறியியல் துறையில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசன் நடத்தும் டிடிகே மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர் தாமே எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019-இல் அங்கிருந்து வந்தது. சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அதைத் தயாரித்தது. உடல் அளவுக்கேற்ப அமையும் நியோஃப்ளை நாற்காலி, அதன் முன்னால் மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டக்கூடிய நியோபோல்ட், 2022-இல் ‘கதம்’ என்ற செயற்கை முழங்கால் எனத் தொடர்ந்து வந்தன. சுழற்சி மையம், விசைச் சமன்பாடு, பல்மூட்டு இயங்கமைப்பு என்று நீங்கள் கற்றுத்தரும் பாடங்கள்தான் அவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு வேறுபாடு: நாற்காலியில் உட்கார்பவர்கள் அங்கே ஆய்வகத்துக்குள் வந்துபோகிறார்கள். வந்து, ‘இது சரிப்படாது’ என்று சொல்கிறார்கள்.

அப்படிச் சொல்லும் இடத்தை உங்கள் படிப்புக்குள் எங்கே வைப்பது? அதற்கான முறை உங்கள் வளாகத்துக்குள்ளேயே பல தலைமுறைகளாக இருக்கிறது. கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் ஒருநாள் ஜூரி நடக்கும்போது போய் உட்கார்ந்து பாருங்கள். மாணவர் தாள்களைச் சுவரில் ஒட்டி, மாடலை மேசையில் வைத்து நிற்பார். உள்ளாசிரியர், வெளியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் எல்லாரும் சுற்றி நின்று கேட்பார்கள். “இந்தச் சமையலறைக்குக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும்?”, “பாட்டி இந்தப் படியில் எப்படி ஏறுவார்?” ஒவ்வொரு பருவத்திலும் ஸ்டுடியோதான் முதுகெலும்பு, மற்ற பாடங்கள் அதைச் சுற்றி. தூக்கமில்லாத கண்ணோடு, கையில் பசையோடு நிற்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து நம் இயந்திரப் பொறியியல் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவர்கள் தம் வேலையைப் பல முறை பொதுவில் நிறுத்தி அடிவாங்கிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு கடைசி நாளன்று பவர்பாயின்ட் வடிவில் பதினைந்து நிமிடம் கிடைக்கிறது.

ஆகவே முதல் மாற்றமாக, பொருள் வடிவமைப்பு முதுகலையின் ப்ராஜெக்ட் மதிப்பீட்டை ஜூரியாக்குங்கள். மூன்றாம் பருவத்தில் இரண்டு, நான்காவதில் இரண்டு. கட்டடக்கலைப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர், பட்டறைத் தளத்திலிருந்து ஒருவர், பயன்படுத்தியவர், வழிகாட்டி. கதவு திறந்தே இருக்கட்டும். கீழ் வகுப்பு மாணவர்கள் நின்று கேட்கட்டும்.

பயன்படுத்தியவரிடம் மதிப்பெண் போடச் சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கும் தெரியும். “நல்ல பையன் சார், தங்கமா பேசுறான்” என்று நூற்றுக்கு நூறு போட்டுவிடுவார். ஆகவே அவர் எண் எதுவும் தர வேண்டாம். மூன்று கேள்விகளுக்கு விடை சொன்னால் போதும். எத்தனை நாள் புழங்கினீர்கள்? எப்போது நிறுத்தினீர்கள், ஏன்? திருப்பித் தரச் சொன்னால் தருவீர்களா, வைத்துக்கொள்வீர்களா? இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையை மாணவர் அடுத்த முன்மாதிரியில் எப்படிக் கையாண்டார் என்பதற்கு ஜூரி மதிப்பெண் தரட்டும். இதில் ஒன்றை விதியாகவே எழுதிவிட வேண்டும்: பயன்படாமல் போன பொருளுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம். ஏன் பயன்படவில்லை என்று தெளிவாகக் கண்டறிந்து சொல்லும் மாணவர், ஏதோ ஒன்றை வெற்றி என்று காட்டிவிட்டுப் போகும் மாணவரைவிட நல்ல வடிவமைப்பாளர். இந்த வரி இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமாவைப் பயனராக்கிக் கூட்டி வருவார்கள். ப்ராஜெக்ட் சென்டர்கள் வாடகைக்கு மாமாக்களையும் வைக்கத் தொடங்கும்.

சேர்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை. ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் தேர்வில் வரையச் சொல்லும் பகுதி உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் எம்.டெஸ். படிப்புக்கு நேர்காணலும் உண்டு. நாமும் அப்படிச் செய்யலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. கேட் தேர்வோ, நம் மாநிலத்தின் சீட்டா தேர்வோ, தரவரிசையும் இட ஒதுக்கீடும் தெளிவாகத் தெரியும் ஒரு வாசல் நம்மிடம் இருக்கிறது. நேர்காணல் என்று ஒரு திரையைப் போட்டால் அதற்குப் பின்னால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு நன்றாகப் பார்த்திருக்கிறது. ஆங்கிலம் தடையில்லாமல் பேசத் தெரிந்தவர் ‘படைப்பூக்கம் மிக்கவர்’ ஆகிவிடுவார். எல்லாரையும் மதிப்பெண்ணின்படியே சேருங்கள். சேர்ந்தபின் முதல் பருவத்தில் எல்லாரையும் ஒரே மாதிரி பட்டறைக்கு அனுப்புங்கள். அரம் பிடிக்கத் தெரியாமல் பி.இ. முடித்தவர்கள் இருக்கிறார்கள். அதே வகுப்பில், அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முதல்முறையாகத் தங்கள் கைக்கு மதிப்பு கிடைக்கும்.

இதே சந்தேகம் ஜூரி மீதும் வரும், வர வேண்டும். ஆகவே எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பது பருவத்தின் தொடக்கத்திலேயே அச்சில் இருக்கட்டும். ஜூரி சொன்ன ஒவ்வொன்றும் எழுத்தில் மாணவர் கைக்குப் போகட்டும். தமிழில் விளக்க விரும்பும் மாணவரைத் தடுக்காதீர்கள். பயன்படுத்தியவர் அறையில் இருந்தால் தமிழ் தானாகவே வந்துவிடும்.

சரி, யாருக்காக வடிவமைப்பது? நம் அரசைப் போல வீட்டுச் சாமான்களைக் கோடிக்கணக்கில் வாங்கிய அரசு இந்தியாவில் அரிது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கிரைண்டர் போய்ச் சேர்ந்தது. கல்லைத் தூக்கிக் கழுவும் அறுபது வயதுக் கைகளின் நிலை என்ன, பாத்திரத்தில் ஒட்டிய மாவை வழிக்க எவ்வளவு குனிய வேண்டியிருக்கிறது என்றெல்லாம் கேட்டுவரும் வேலையை அன்றைக்கே முதுகலை மாணவர்களிடம் ஒப்படைத்திருக்கலாம். டெண்டர் விவரக்குறிப்பில் நான்கு வரிகள் மாறியிருந்தாலே போதும்.

இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். சத்துணவுக் கூடங்களும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி விரிந்த காலை உணவுத் திட்டத்தின் சமையலறைகளும் மாநிலமெங்கும் இருக்கின்றன. அங்கே அடுப்பிலிருந்து கொதிக்கும் சாம்பார் அண்டாவை இறக்குபவர்கள் பெண்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, துணியைச் சுற்றிக்கொண்டு இறக்குவார்கள். ஒரு மாணவர் இதைக் கையில் எடுத்தால் முதலில் என்ன செய்வார்? பணிச்சூழலியல் பாடத்தில் படித்த அமெரிக்க நியோஷ் நிறுவனத்தின் தூக்கு சூத்திரத்தை எடுப்பார். உகந்த நிலையில் 23 கிலோ; உடலை விட்டு எவ்வளவு தள்ளி, எவ்வளவு திரும்பி, எத்தனை முறை தூக்குகிறோமோ அதற்கேற்ப அந்த எடை குறையும். பெருக்கிப் பார்த்து ஓர் எண்ணை எழுதிவிட்டால் அத்தியாயம் முடிந்துவிடும், எக்ஸ்டர்னலும் தலையாட்டுவார்.

அந்தச் சூத்திரத்தின் கையேட்டையே கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், அலம்புகிற திரவம் போன்ற நிலையில்லாத சுமைகளுக்கு அது பொருந்தாது என்று அதுவே சொல்கிறது. கொதிக்கும் சாம்பார் அலம்பும். ஒருவர் உயரம், மற்றவர் குள்ளம் என்றால் குள்ளமானவர் பக்கம் சாயும். தரையில் காய் கழுவிய ஈரம். புகை கண்ணைக் கரிக்கும்போது வலது பக்கத்தவர் முகத்தைத் திருப்புகிறார். மணி அடிக்கப்போகிறது. இதற்கு விடை ஒரு சக்கர வண்டியா, அடுப்பு மேடையின் உயரத்தைக் குறைப்பதா, அண்டாவின் காதை மாற்றுவதா, அண்டாவை இறக்காமலே அடியில் குழாய் வைத்து எடுப்பதா? குழாய் என்றால் பருப்பு அடைத்துக்கொள்ளும். தினமும் யார் கழற்றிக் கழுவுவது? விடை எனக்குத் தெரியாது; ஒரு பருவம் முழுக்க அந்தச் சமையலறையில் நின்றவர்தான் சொல்ல முடியும். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி, கல்லூரிக்கு இரண்டு சமையலறை என்று கொடுத்தால் எத்தனை விதமான விடைகள் வரும் என்று யோசித்துப் பாருங்கள். சமூக நலத்துறைக்கு ஒரு கடிதம் போட்டால் அனுமதி கிடைக்காமல் போகாது.

யார் கற்றுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். உங்கள் ஆசிரியர்களில் பலர் தொழிற்கூடத்தைப் பார்க்காமலே முனைவர் பட்டம் முடித்து வந்தவர்கள். அது அவர்கள் குற்றமில்லை, நியமன விதிகள் அவர்களை அப்படித்தான் வளர்த்தன. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ பணிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தம் தொழிலில் பதினைந்து ஆண்டாவது அனுபவம் உள்ளவர்களை, முனைவர் பட்டத்தை வற்புறுத்தாமல், அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து விழுக்காடு வரை அமர்த்தலாம். நம் ஊரில் இந்த இடங்களுக்கு ஓய்வுபெற்ற மேலாண்மை அதிகாரிகளை அழைத்து வந்து ஊக்க உரை ஆற்ற வைப்பதுதான் வழக்கமாகிவருகிறது. கோவையின் வார்ப்படக் கடைகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்கித் தருகிறவர், அம்பத்தூர் டூல் ரூமில் டை திருத்தியே தலை நரைத்தவர், இவர்களை வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்கு வரச் சொல்லுங்கள். சுருக்கத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த மூலையில் வார்ப்பு விரிசல் விடும் என்பதை அவர்கள் தொட்டுப் பார்த்தே சொல்வார்கள்.

கால அவகாசம் போதாது என்ற வாதத்தையும் எதிர்பார்க்கிறேன். நான்காண்டுப் பொறியியல் படிப்பை இரண்டாண்டில் முடித்துவிடலாம் என்று வாதாடி, அதை யாரும் ஏற்காததால், தாம் முன்னின்று தொடங்கிய கோவை ஆர்தர் ஹோப் கல்லூரியிலிருந்தே விலகியவர் ஜி.டி. நாயுடு. அந்த அளவுக்குப் போக நான் தயாரில்லை. ஆனால் இரண்டு பருவம் ப்ராஜெக்ட்டுக்கென்றே ஒதுக்கியிருக்கிறீர்கள். அதில் முதல் கட்டத்தின் பெரும்பகுதி ‘இலக்கிய ஆய்வு’ என்ற பெயரில் பிறர் எழுதிய கட்டுரைகளைச் சுருக்கி எழுதுவதில் கழிகிறது. அதைப் பாதியாகக் குறைத்து, மீதியைக் களத்துக்குக் கொடுங்கள். கணினிக் கருவிகளுக்கும் குறைவில்லை. 2022-இல் டிட்கோவும் டசால்ட் நிறுவனமும் சேர்ந்து சென்னையில் தொடங்கிய டான்காம் மையம் இதற்கென்றே இருக்கிறது. முன்மாதிரிச் செலவுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் நிதி உண்டு. சிறிய தொகைதான், மரத்திலும் தகரத்திலும் முதல் மாதிரி செய்ய அது போதும். முதல் மாதிரி மரத்திலும் தகரத்திலும் இருப்பதே நல்லது.

உங்கள் ஒழுங்குமுறைகள் 2013, 2017, 2021 என்று திருத்தப்பட்டு வந்திருக்கின்றன. அடுத்த திருத்தம் வரும்வரை காத்திருக்காமல், தன்னாட்சி பெற்ற ஓரிரு கல்லூரிகளிலாவது ஒரு பேட்ச்சுக்கு இதைச் செய்து பார்க்கலாம். மருத்துவக் கருவி போல ஆளுக்கு ஆபத்து நேரக்கூடியவற்றை முதல் சுற்றில் தவிர்த்துவிடுங்கள்; அவற்றுக்கு நெறிக்குழு அனுமதி வேண்டும், அது தனி வேலை.

கடைசியாக, அலுவலக நடைமுறை சம்பந்தமான ஒன்று. ஜூரிக்கு வரும் சத்துணவுச் சமையலருக்கும் பேட்டர்ன் ஆசாரிக்கும் எக்ஸ்டர்னலுக்குத் தரும் அதே படித்தொகையும் பயணப்படியும் தர வேண்டும்; ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார்கள். அதற்கான படிவத்தில் ‘கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம் இருக்குமானால், அதைக் காலியாக விட்டாலும் பட்டுவாடா செய்யலாம் என்று கணக்குப் பிரிவுக்கு இப்போதே ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக நடந்தும் பணம் அந்தக் கட்டத்தில் சிக்கிக்கொள்ளும்.

இப்படிக்கு,
கருவி வடிவமைப்புத் துறையில் பணிபுரியும் ஒரு பொறியாளர்

நகல்: முதல்வர், கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி, கிண்டி வளாகம்.